சும்மா விட்ட வயல்

பல்கலைக்கழகம்
12.4.1980

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வீரபாகு எழுதுவது. எனக்குப் பழைய இருமலைத் தவிர வேறு குறை இல்லை. நீங்களும் மச்சானும் எப்படி இருக்கிறீர்கள்? வருஷப் பிறப்புக்கு வருவதாக எழுதிவிட்டு வராமல் நிற்கிறேன். திட்டுவதை மொத்தமாகச் சேர்த்துத் திட்டுங்கள்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். எங்கள் பேராசிரியரும் ஒரு மருந்துக் கம்பனியும் சேர்ந்து அறக்கொட்டிப் பூச்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறார்கள். ஜீப்பும் மருந்தும் கம்பனியுடையது. ஆட்களும் படிவங்களும் பல்கலைக்கழகத்துடையவை. கிளிநொச்சிப் பக்கம் போன போகம் அறக்கொட்டி சாறு குடித்து எரிந்த வயல்களைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு வயல் வேண்டும் என்றார்கள். நான் உங்களைச் சொல்லிவிட்டேன். கேட்காமல் சொன்னது பிழைதான்.

வேலை இதுதான். சிறுபோகத்தில் நீங்கள் விதைக்கும் நிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டுகள். ஒன்றுக்கு வாரம் ஒருமுறை, மொத்தம் ஆறு முறை மருந்து அடிக்க வேண்டும். மற்றதற்கு ஒரு துளியும் அடிக்கக்கூடாது. ஒவ்வொரு செவ்வாயும் இரண்டிலும் பத்து இடத்தில் ஒரு அடிச் சட்டத்தை வைத்து, உள்ளே எத்தனை அறக்கொட்டி, எத்தனை சிலந்தி என்று எண்ணி எழுத வேண்டும். கம்பனிக்காரர் சிலந்தி எதற்கு என்று கேட்டார். பேராசிரியர் பழைய படிவத்திலேயே நிற்கிறார்.

மச்சான் தேயிலைத் தோட்டத்தில் மருந்து மெசின் தூக்கியவர். எண்ணுவதற்கு நீங்கள். இதைவிட நம்பிக்கையான ஆட்களை நான் எங்கே தேட?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷமாக நான் இங்கே தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் தந்து நீடிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கடிதம் வரும்வரை பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு படுக்கிறேன். இந்த ஆராய்ச்சி நல்லபடி முடிந்தால் தை மாதம் நிரந்தரமாக்குவதாகப் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். அலுத்துப்போய்விட்டது, அக்கா.

உங்கள் தம்பி,
வீரபாகு


மாரியம்மன் துணை
முரசுமோட்டை
20.5.1980

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் அம்மன் புண்ணியத்தில் நல்ல சுகம். உன் இருமலுக்கு மல்லி அவித்துக் குடி. அங்கே உனக்கு அவித்துத் தர ஆள் இல்லை என்பது தெரியும். நீயே அவி.

இரணைமடுத் தண்ணீர் திறந்து, எட்டாம் திகதி விதைத்தோம். மூன்று மாத நெல். போன வாரம் ஜீப் வந்தது. சப்பாத்துக் காலோடு வரம்பில் நடக்கத் தெரியாத ஒரு ஐயா, முளைக்கம்பு அடித்து, பலகை நட்டு, இரண்டு துண்டையும் பிரித்துக் கொடுத்தார். பலகையில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. நாங்கள் ஒன்றுக்கு மருந்து வயல் என்றும் மற்றதற்குச் சும்மா வயல் என்றும் பெயர் வைத்துக்கொண்டோம்.

நிலம் நல்லதம்பியருடையது, நாங்கள் குத்தகைக்காரர் என்பதை உன் பேராசிரியருக்குச் சொன்னாயா? அந்த மனிசனைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு!

"விசர்க் கதை கதையாதை பிள்ளை. மருந்தடிக்காமல் விட்டால் பக்கத்து வயலுக்கெல்லோ பரவும்? உன்ர தம்பி படிச்சவன் எண்டு அறக்கொட்டிக்குத் தெரியுமோ?" என்று நின்றார். பிறகு உன் மச்சானைப் பார்த்து, "சரி, செய்யுங்கோ. எரிஞ்சால் உங்கட தலையில" என்றார். எங்கள் தலையில் ஏற்கெனவே இருப்பதோடு இதுவும் இருக்கட்டும் என்று வந்துவிட்டோம்.

உன் மச்சானுக்கு ஒரே புளுகம், சந்தோஷத்தில் கால் தரையில் இல்லை. "நம்ம வீரபாகு யூனிவர்சிட்டி நம்ம வயலுக்கு வந்திருச்சு புள்ள" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். திகதி எழுதிய தாளை வாசலில் ஒட்டி வைத்திருக்கிறார். தோட்டத்தில் விடியப் பேர் பதியப் பெரட்டுக்குப் போன மாதிரி வியாழன் தவறாமல் இறங்குவாராம்.

எண்ணுவதைப் பற்றி நீ கவலைப்படாதே. தோட்டத்தில் நான் முப்பது றாத்தல் கொழுந்து எடுத்த நாளில் தண்ணீருக்கு, தண்டுக்கு என்று கழித்து இருபத்துநாலு எழுதுவார்கள். அதைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான். இருப்பதை இருக்கிறபடி எழுதுவேன், ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

இப்படிக்கு,
அக்கா மீனம்மா


பல்கலைக்கழகம்
2.6.1980

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் குறைந்திருக்கிறது. மச்சானின் புளுகத்தை வாசித்துச் சிரித்தேன்.

முதல் மருந்து ஐந்தாம் திகதி. திகதி தவறக்கூடாது. கையுறையும் முகமூடியும் கம்பனி அனுப்பும் என்று ஜீப்பில் வந்த ஐயா சொன்னார். அவை வந்ததும் போட்டுக்கொண்டுதான் மச்சான் அடிக்க வேண்டும். சும்மா வயலில் மருந்து படவே கூடாது. காற்று அந்தப் பக்கம் வீசினால் சாக்குப் பிடித்து மறையுங்கள். பயந்து யாரும் களவாக அடித்துவிட்டால் முழு ஆராய்ச்சியும் வீண்.

வேலை அதிகம். ஜீப் போகும் இடமெல்லாம் நானும் போக வேண்டியிருக்கிறது. முரசுமோட்டைக்கு மட்டும் என்னை ஏற்றிவருகிறார்கள் இல்லை. சொந்தக்காரர் வயலுக்குப் போனால் நம்பகம் கெட்டுவிடுமாம்.

தம்பி,
வீரபாகு


மாரியம்மன் துணை
முரசுமோட்டை
25.6.1980

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நல்ல சுகம். மச்சானுக்குக் கொஞ்சம் தலையிடி, வெயில் அப்படி. நீ சாப்பாட்டைக் கவனி.

மூன்று முறை அடித்தாயிற்று. கையுறை இன்னும் வரவில்லை. அது வரும்வரை நிறுத்தி வைப்போமா என்று கேட்டேன். "திகதி போட்ட தாள் புள்ள, நம்மளால அவனுக்குக் கெட்ட பேரு வரக்கூடாது" என்று இறங்கிவிட்டார். தோட்டத்தில் மத்தியானத்தோடு நின்றால் அரைப் பேர் போட்டு அரை நாள் சம்பளத்தை வெட்டிவிடுவார்கள். அந்தப் பயம் இந்த மனிசனை முரசுமோட்டை வரை துரத்திக்கொண்டு வந்திருக்கிறது. இங்கே பேர் போடுவதற்கு யார் இருக்கிறார்கள்?

நேற்றுச் செவ்வாய். மருந்து வயலில் பத்துச் சட்டத்துக்கும் சேர்த்து அறக்கொட்டி அறுபத்திரண்டு, சிலந்தி மூன்று. சும்மா வயலில் அறக்கொட்டி நாற்பத்தொன்று, சிலந்தி ஐம்பத்தெட்டு. படிவத்தைப் பிழையாக எழுதினேனோ என்று நீ யோசிப்பாய் என்றுதான் இங்கேயும் எழுதுகிறேன். திரும்பப் போய் இன்னொரு முறை எண்ணினேன். அப்படித்தான் இருக்கிறது.

வரம்பால் போகிறவர்கள் சும்மா வயலைப் பார்த்து நக்கலடிக்கிறார்கள். "என்ன மீனம்மா, சிலந்தி வளர்த்து விக்கப்போறியளோ?" என்று பக்கத்து வயல் வீரகத்தி கேட்கிறார். நல்ல விலை வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.

அக்கா,
மீனம்மா


பல்கலைக்கழகம்
5.7.1980

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் கேட்டு மகிழ்ச்சி. மச்சானை வெயிலில் தொப்பி போடச் சொல்லுங்கள்.

உங்கள் படிவத்தைப் பேராசிரியர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்து சிலந்தியைக் கொன்றுவிடுகிறது, அறக்கொட்டி முட்டை தண்டுக்குள் தப்பிவிடுகிறது" என்று தனக்குள் சொன்னார். கம்பனி ஐயா வந்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். ஐயா, பலகையை மாற்றி வாசித்திருப்பார்கள், கிராமத்துப் பெண்தானே என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் படிவத்தை மடித்துக் கோப்பில் வைத்துவிட்டேன்.

மிச்சமிருக்கும் பத்தாம் திகதி மருந்தை ஒன்றரை மடங்காகக் கலக்கச் சொல்கிறார்கள். பதினேழாம் திகதி ஏழாவதாக இன்னொன்றும், அதே அளவு. கையுறைப் பார்சல் கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டதாம். அவசரமாக எழுதுகிறேன்.

தம்பி,
வீரபாகு


மாரியம்மன் துணை
முரசுமோட்டை
30.7.1980

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். மச்சான் இரண்டு மூன்று நாள் வயலுக்குப் போகவில்லை, உடம்பு அசதி. நீ யோசிக்காதே.

மருந்து வயல் எரிந்துவிட்டது. முதலில் நடுவில் ஒரு பாய் அளவுக்கு மஞ்சளானது. பிறகு வட்டம் வட்டமாக விரிந்து, இப்போது வைக்கோல் நிறம். கடைசிச் செவ்வாய் எண்ண முடியவில்லை. சட்டத்தை வைத்ததும் தண்ணீர் தெரியாத அளவுக்குப் பூச்சி உதிர்ந்தது. "எண்ண முடியாது" என்று எழுதியிருக்கிறேன், அதுதான் எண்ணிக்கை. சும்மா வயல் கதிர் சாய்ந்து நிற்கிறது.

நல்லதம்பியர் இரண்டுக்கும் நடு வரம்பில் நின்று இங்கும் அங்கும் பார்த்தார். "இதென்ன கோதாரி? அடிச்சது எரிஞ்சுபோச்சு, அடியாதது நிக்குது" என்றார். பிறகு, "வாற காலபோகம் நானும் ஒரு துண்டைச் சும்மா விட்டுப் பாக்கப்போறன்" என்றார். வீரகத்தியும் வந்து பார்த்தார். இந்த முறை நக்கல் இல்லை.

கையுறை வந்தது. இருபத்தெட்டாம் திகதி.

அக்கா,
மீனம்மா


பல்கலைக்கழகம்
14.9.1980

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவர் நலத்துக்கும் நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். அறுவடைப் படிவம் கிடைத்தது. சும்மா வயலில் ஏக்கருக்கு எழுபது புசல் கணக்கு. மருந்து வயலில் பதினொன்று.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நேரே சொல்கிறேன். கம்பனி இதை ஏற்கவில்லை. சும்மா வயலுக்கு யாரோ களவாக அடித்திருக்க வேண்டும், அல்லாவிட்டால் அது நின்றிருக்காது என்கிறார்கள். விவசாயிகள் பயத்தில் அப்படிச் செய்வது வழக்கம்தானாம். அது உறுதியானால் முரசுமோட்டை முழுவதையும் அட்டவணையிலிருந்து எடுத்துவிடலாம். மற்ற ஊர்களில் அறக்கொட்டியே குறைவு, அங்கே மருந்து நன்றாக வேலை செய்த மாதிரித்தான் தெரிகிறது. பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உன் மச்சானிடம் கேட்டுப் பார்" என்றார்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் இருக்கிறது. "சும்மா விட வேண்டிய வயலுக்கு நான் விடியற்காலைகளில் மருந்து அடித்தேன்" என்பதுதான் அதிலுள்ளது. மச்சான் கையெழுத்துப் போட்டால் போதும். எந்தத் தண்டனையும் இல்லை, யாரும் பார்க்கப்போவதில்லை, கோப்பில் கிடக்கும். ஒக்டோபர் இருபத்தேழுக்குள் வேண்டும். அதற்குப் பிறகுதான் என் நிரந்தர நியமனத்தை எடுப்பார்கள்.

மச்சான் அடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

தம்பி,
வீரபாகு


பல்கலைக்கழகம்
20.10.1980

அக்கா,

ஐந்து கிழமையாகிறது. ஒரு வரியும் இல்லை. கடிதம் கிடைக்கவில்லையா, கோபமா? கோபம் என்றால் அதையாவது எழுதுங்கள். தபால்காரன் தாண்டிப் போகும்போதெல்லாம் எழும்பி நிற்கிறேன். இருபத்தேழு நெருங்குகிறது. மச்சான் எப்படி?

வீரபாகு


மாரியம்மன் துணை
முரசுமோட்டை
23.11.1980

அன்புள்ள தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தது. கோபம் இருந்தது. இப்போது அதுவும் அலுத்துவிட்டது.

அப்பாவைக் கப்பலேற்றியது ஒரு தாள் என்பது உனக்கு நினைவிருக்கும். தோட்டத்து ஆபீசில், வரிசையில் நிற்க வைத்து, இங்கிலீஷில் எழுதிய தாளைக் காட்டி, இந்த இடத்தில் போடு என்றார்கள். அரிசிக் கூப்பனுக்கு என்று நினைத்துப் போட்டார். இந்தியாவுக்குப் போக விருப்பம் என்று அதில் இருந்ததாம். ஸ்டேஷனில் கோச்சி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "நான் எழுதலையே புள்ள, நான் எழுதலையே" என்று சொல்லிக்கொண்டே போனார். உனக்குப் பதினொரு வயது. என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதற்குப் பிறகு இந்த வீட்டில் வாசிக்கத் தெரியாத தாளில் யாரும் கை வைப்பதில்லை. நீ அனுப்பியது அப்படிப்பட்ட தாள்.

ஆனால் உன் மச்சான் போடப் பார்த்தார். அதையும் உனக்கு மறைக்கக்கூடாது. "ஒரு கையெழுத்துல அவன் பொழச்சுப் போறான்னா போகட்டும்" என்று பேனா கேட்டார். தம்பி, அவருக்கு விரலில் பிடிப்பு இல்லை. ஆவணியிலிருந்து காலும் கையும் விறைத்துப்போய்க் கிடக்கின்றன. பேனா விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், விழுந்தது. விரலோடு சேர்த்து நூலால் கட்டச் சொன்னார், கட்டினேன். தன் பேரின் முதல் எழுத்து, சு, அதைப் போடுவதற்குள் தாள் நனைந்துவிட்டது, அவருக்கு அப்படி வியர்த்தது. "கைநாட்டு வச்சா ஏத்துக்குவாங்களா?" என்று கேட்டார். தோட்டத்தில் எல்லாரும் மையில் விரல் முக்கிய காலத்தில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் எடுத்த மனிசன். அப்போதுதான் தாளைப் பிடுங்கிக்கொண்டேன். அவரால் போட முடியவில்லை. முடிந்திருந்தாலும் போட விட்டிருக்கமாட்டேன், அது நான்.

தாளைத் திருப்பி வைத்திருக்கிறேன். நான் எண்ணிய கொப்பியையும் அனுப்புகிறேன். உன் படிவத்தில் இரண்டு நிரல்தான், அறக்கொட்டி, சிலந்தி. கொப்பியில் நான் மூன்றாவதாக ஒன்று கோடு போட்டிருக்கிறேன். அந்த வயலில் இன்னொரு உயிரும் இறங்கியது, அதற்கு உன் படிவத்தில் இடம் இல்லை. நான் உனக்குச் சுகம் சுகம் என்று எழுதிய நாட்களில்தான் அதையும் எழுதினேன். உனக்குப் பொய், கொப்பிக்கு உண்மை. என்ன செய்ய? நீ பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு படுப்பதாக எழுதியிருந்தாய்.

அக்கா,
மீனம்மா

(கொப்பியின் மூன்றாவது நிரல்)

ஜூன் 5. தலையிடி. மோர் குடித்துவிட்டுப் படுத்தார்.
ஜூன் 12. தலையிடி, இரண்டு முறை வாந்தி. மெசின் வாய் அடைத்தது, வாயால் ஊதி எடுத்தார்.
ஜூன் 19. கண் மங்கல். எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. சோறு வேண்டாம் என்றார்.
ஜூன் 26. கை நடுக்கம். சாரத்தை நான் கட்டிவிட்டேன்.
ஜூலை 3. அதேபோல். "எழுதாத" என்றார்.
ஜூலை 10. ஒன்றரை மடங்கு. வரும் வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார்.
ஜூலை 17. ஒன்றரை மடங்கு. வேலையை முடித்துவிட்டு வரம்பில் விழுந்தார். நல்லதம்பியரின் வண்டிலில் கிளிநொச்சி ஆஸ்பத்திரி. ஒன்பது நாள்.


பல்கலைக்கழகம்
10.12.1980

அக்கா,

எப்படி இருக்கிறீர்கள் என்று தொடங்கக் கை வரவில்லை.

உங்கள் பழைய கடிதங்களை எடுத்துக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தேன். "கொஞ்சம் தலையிடி, வெயில் அப்படி" என்று நீங்கள் எழுதியதற்கு முதல் வாரம் அவருக்குக் கண் மங்கியிருக்கிறது. தொப்பி போடச் சொல்லுங்கள் என்று நான் பதில் எழுதியிருக்கிறேன். அதே கடிதத்தில்தான் ஒன்றரை மடங்கு.

ஆனால் உங்கள் கடிதம் வரும்போது காரியம் முடிந்துவிட்டது. அந்தத் தாளில் இரண்டு பிரதி இருந்தது. ஒன்று என்னிடம். இருபத்தேழாம் திகதி காலை வரை பார்த்தேன். பிறகு மச்சானின் கையெழுத்தை நானே போட்டேன்.

பழக வேண்டியிருக்கவில்லை. அப்பா போன பிறகு என் பள்ளிக்கூட ரிப்போர்ட் எல்லாவற்றிலும் மச்சான்தானே கையெழுத்துப் போட்டார். லாந்தருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சுடலைமுத்து என்று அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசி எழுத்தின் சுழி கொஞ்சம் நீளும். அதைக்கூட நீட்டினேன்.

கொப்பியைப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். கையெழுத்து என்னுடையது என்பதையும் சொன்னேன். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். அட்டவணை அச்சுக்குப் போய்விட்டது, இதை நீ சொன்னதாகவும் நான் கேட்டதாகவும் வேண்டாம் என்றார். மூன்றாவது நிரலைக் காட்டினேன். "இது பூச்சியியல் இல்லையே, வீரபாகு" என்றார். அவரும் களைத்த மனிதர். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நியமனக் கடிதம் வந்துவிட்டது. ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நிரந்தரம். சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். வேலையை விடட்டுமா? நீங்கள் ஒரு சொல் சொன்னால் விட்டுவிடுகிறேன்.

வீரபாகு


முரசுமோட்டை
18.1.1981

தம்பி,

உன் கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். கையெழுத்தைப் பற்றி வந்த இடத்தில் நிறுத்தினேன். "வாசி" என்றார். வாசித்தேன். "அவன் ரிப்போட்டுக்கெல்லாம் நான் போட்டேன். எனக்கு அவன் ஒன்னு போட்டுட்டான். விடு" என்றார். எனக்கு விட முடியவில்லை. நான் அன்றைக்கு முழுக்க அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

யாரும் பார்க்கப்போவதில்லை என்று எழுதியிருந்தாய். போன மாதம் கடைசியில் கம்பனி ஜீப் ஒலிபெருக்கியோடு வந்தது. சங்கக் கடை முற்றத்தில் ஆட்களைக் கூட்டி, நோட்டீசு கொடுத்து, ஆறு முறை அடித்தால் அறக்கொட்டி அண்டாது என்று அதே ஐயா பேசினார். நல்லதம்பியர் எழும்பி, "அடிச்ச வயல் எரிஞ்சதை நான் என்ர கண்ணால பாத்தனான். அடியாத வயல் நிண்டது. அடிச்ச மனிசன் ஆஸ்பத்திரியில கிடந்தவர். அதுக்கு என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார். அந்த நிமிஷம் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல் இருந்தது எனக்கு.

ஐயா சிரித்துக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். சும்மா வயலுக்கும் விடியற்காலையில் களவாக அடித்ததாக அந்த மனிசனே எழுதித் தந்திருக்கிறார் என்றார். அப்படி இரண்டு வயலுக்கும் அளவில்லாமல் அடித்ததால்தான் மருந்து அவர் உடம்பில் ஏறியது, நாங்கள் சொன்ன அளவில் அடித்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது என்றார். தாள் கை கைமாறிப் போனது. கடைசி எழுத்தின் சுழி நீண்டுதான் இருந்தது.

மச்சானைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தோம், ஒலிபெருக்கி கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். நல்லதம்பியர் கிட்ட வந்து, "உண்மையே சுடலைமுத்து? களவாய் அடிச்சனியோ?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். இல்லை, அது என் தம்பி போட்ட கையெழுத்து என்று சொல்லத்தான் திறந்தேன். மச்சான் முந்திக்கொண்டார்.

"ஆமாங்க. அடிச்சேன்."

நல்லதம்பியர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு ஆள் அனுப்பினார், மாசி அறுவடையோடு நிலத்தை விட்டுவிடட்டாம். காலபோகத்தில் அவர் சும்மா விட்டிருந்த துண்டுக்கும் அடுத்த நாளே மருந்து இறங்கியது. வீரகத்தி வாங்கினார், அவருக்கு அடுத்த வயல் சின்னராசா வாங்கினார், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் வாங்கினார்கள். கையுறை ஒருவரிடமும் இல்லை. நான் வரம்பு வரம்பாகப் போய்ச் சொன்னேன். "உங்கட மனிசன் செய்த வேலைக்கு நீங்கள் எங்களுக்குப் படிப்பிக்க வாறியளோ?" என்று வீரகத்தியின் பெண்சாதி கேட்டாள். சரியான கேள்விதான். என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அந்தப் பதிலில் நீ இருக்கிறாய்.

ஆகவே எனக்குத் தெரிந்ததைச் செய்கிறேன். வியாழன் தோறும் வரம்பில் நின்று பார்த்து, வீடுகளுக்குப் போய் விசாரித்து, புதுக் கொப்பியில் மூன்றாவது நிரலை எழுதுகிறேன். சுகம் விசாரிக்க வருகிறாள் என்று நினைத்துச் சொல்கிறார்கள். ஒரு பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். வீரகத்தி, ஜனவரி 1, தலையிடி. வீரகத்தி, ஜனவரி 8, வாந்தி, கண் மங்கல். சின்னராசா, ஜனவரி 8, தலையிடி. சின்னராசா, ஜனவரி 15, கை நடுக்கம். நல்லதம்பியர், ஜனவரி 15, மூன்று முறை வாந்தி, மெசின் வாயை ஊதியிருக்கிறார். உன் மச்சானுக்கு ஆறாம், ஏழாம் கிழமைகளில் வந்ததெல்லாம் இவர்களுக்கு இன்னும் வரவில்லை. நாள் இருக்கிறது.

வேலையை விடட்டுமா என்று கேட்டிருந்தாய். அதை என் தலையில் போடாதே. நீ விட்டால் மச்சானுக்கு விரல் திரும்பி வராது. விடாவிட்டால் எனக்கு உன் மேல் ஆசை குறையாது, அதுதான் என் கஷ்டம். ஒன்று மட்டும் செய். இந்தப் பக்கத்தை உன் பேராசிரியரின் மேசையில் வை, கம்பனிக்கும் ஒன்று அனுப்பு, கிளிநொச்சி விவசாயக் கந்தோருக்கும் ஒன்று அனுப்பு. இது பூச்சியியல் இல்லை என்றால் என்ன இயல் என்று அவர்களே பெயர் வைக்கட்டும். அடியில் கையெழுத்து வேண்டும் என்பார்கள். போடு. இந்த முறை உன்னுடையதைப் போடு.

மச்சான் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். தான் சுகமாக இருப்பதாகவும் எழுதச் சொன்னார். முதலாவதை எழுதிவிட்டேன்.

அக்கா,
மீனம்மா